தெருவைக் கூட்டுச் சேர்த்துக்கொள்

தாராவி, மும்பை

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். போனில் சொன்னால் கணக்கு காதில் நிற்காது, நடுவில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். அதனால்தான் காகிதம். அண்ணனுக்கும் மதினிக்கும் வாசித்துக் காட்டு. மதினிக்கு இதில் ஒரு பாதியாவது ஏற்கெனவே தெரியும். அவள் பேசாமல் இருப்பதால் தெரியாது என்று நினைக்காதே.

சைதாப்பேட்டையில் உன் தெருவில் அறை அறையாக வெளியூர்ப் பையன்கள் தங்கியிருக்கிறார்கள், கட்டட வேலைக்கும் சாப்பாடு டெலிவரிக்கும் போகிறவர்கள், அவர்களில் இருபது பேருக்கு இரண்டு வேளை சமைத்துக் கொடுக்கலாம் என்று இருக்கிறாய். ஐந்து பெண்கள் குழுவாகச் சேர்ந்தால் ஆளுக்கு 40,000 ரூபாய் தருவதாக ஒரு நிதி நிறுவனத்து ஆள் வந்து சொல்லியிருக்கிறார். வாங்கலாமா என்று கேட்டிருந்தாய்.

சமையலைத் தொடங்கு. கையெழுத்தை மட்டும் இப்போது போடாதே. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நீ செய்யப்போவது இந்த மும்பையில் நூறு வருசத்துத் தொழில். இங்கே அதற்குக் கானாவல் என்று பேர். பரேல், லால்பாக் பக்கம் துணி மில்கள் ஓடிய காலத்தில் கொங்கணத்திலிருந்தும் சாத்தாராவிலிருந்தும் ஆண்கள் தனியாக வந்தார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில். ஒரே அறையில் பகல் ஷிப்ட்காரன் எழுந்த பாயில் ராத்திரி ஷிப்ட்காரன் படுப்பான். அவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்கள் அந்தச் சால்களிலேயே குடியிருந்த பெண்கள். சால் என்றால் ஒரே வராந்தாவில் வரிசையாக ஒற்றை அறைகள் இருக்கும் வீடுகள். அந்த ஒற்றை அறைக்குள்ளேயே அடுப்பு, அங்கேயே பந்தி, அங்கேயே பிள்ளைகளின் படுக்கை.

ஊரே சாப்பிட்டது. சமைத்தவள் மட்டும் கடன்காரி. எப்படி என்று பார். மில்காரனுக்குச் சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை. அரிசி, பருப்பு, எண்ணெய் தினமும் வாங்கியாக வேண்டும். அந்த ஒரு மாத இடைவெளியை யார் தாங்குவது? மளிகைக் கடைக்காரர் கடன் கொடுப்பார், விலையைக் கூட்டி, தரத்தைக் குறைத்து, வட்டியும் போட்டு. காதில் கழுத்தில் கிடந்தது அடகுக்குப் போகும். சம்பள நாளில் பையன்கள் கொடுத்த பணம் அவள் கையில் தங்காமல் நேராகக் கடைக்கும் அடகுக்கடைக்கும் போய்விடும். இருபது வருசம் சமைத்தும் ஒரு பித்தளைப் பானையைச் சொந்தமாக வாங்க முடியாதவர்கள் இருந்திருக்கிறார்கள்.

தொழிற்சங்கத்தில் இருந்த பிரேமா புராவ் என்ற அம்மாதான் இதைக் கவனித்தவர். எழுபதுகளில் மில் வேலைநிறுத்தம் நடந்தபோது சம்பளமில்லாத தொழிலாளிகளுக்கு இந்தப் பெண்கள் கடனுக்குச் சோறு போட்டார்கள். சங்கத்துக் கூட்டத்தில் அவர்கள் பேர் எங்கும் வரவில்லை. வேலைநிறுத்தமோ அவர்கள் அடுப்பில்தான் நின்றது. 1975இல் புராவ் 14 பெண்களைச் சேர்த்து, ஒருவருக்கு ஒருவர் ஜாமீன் நிற்கவைத்து, ஒரு வங்கியில் ஆளுக்கு 1,500 ரூபாய் கடன் வாங்கிக் கொடுத்தார். அன்னபூர்ணா மகிளா மண்டல் அப்படித்தான் பிறந்தது. அந்த 1,500 என்ன செய்தது தெரியுமா? ஒரு மாத மளிகையை ரொக்கத்துக்கு வாங்க வைத்தது. அவ்வளவுதான். வாடிக்கை கூடவில்லை, அறை பெரிதாகவில்லை, சாப்பாட்டு விலையும் ஏறவில்லை. இடைவெளியை அடைத்ததும் மிச்சம் அவள் முந்தானைக்கு வந்தது.

உன் தொழிலிலும் அதே இடைவெளிதான் இருக்கிறது. அதை அளந்து பார்க்காமல் 40,000 வாங்காதே. நீ எழுதியபடியே கணக்குப் போடுகிறேன். ஒருவருக்கு மாதம் 3,500 என்றால் இருபது பேருக்கு 70,000. தினமும் சாமானுக்கு 1,600 ஆகும் என்றாய், மாதத்துக்கு 48,000. மாதக் கடைசியில்தான் பணம் வரும் என்றால் முதல் ரூபாயைப் பார்ப்பதற்குள் உனக்கு அந்த 48,000 வேண்டும். அதனால்தான் அந்த 40,000 அவ்வளவு பொருத்தமாகத் தெரிகிறது. ஆனால் உன் தெருப் பையன்கள் மில் தொழிலாளிகள் இல்லை. கட்டட வேலைக்காரர்கள் பலருக்கு வாரக்கூலி. டெலிவரிப் பையன்களுக்கும் வாரா வாரம் கணக்கில் ஏறுகிறது. வாரச் சாப்பாட்டுப் பணத்தை வாரத் தொடக்கத்திலேயே கேள். இருபது பேரும் முன்பணமாக 800 கொடுத்தால் 16,000. ஏழு நாள் சாமானுக்கு 11,200 போதும். இடைவெளியே இல்லை! மாதச் சம்பளக்காரர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தாலும் அந்த மிச்சத்தில் தாங்கலாம்.

முன்பணம் யார் கொடுப்பார்கள் என்று கேட்பாய். முதல் வாரம் ஐந்து பேருக்கு மட்டும் சமை. சாம்பாரில் கை எப்படி இருக்கிறது, சொன்ன நேரத்துக்கு வருகிறதா, வயிற்றைக் கெடுக்காமல் இருக்கிறதா என்று அவர்களே பார்க்கட்டும். ஒரே மாடியில் ஒரே குழாயடியில் இருக்கிறவர்களுக்கு விளம்பரம் வேண்டாம். ஆறாவது ஆள் தானாக வருவான். முன்பணம் கொடுத்தவன் வெறும் வாடிக்கைக்காரன் இல்லை, உன் முதலீட்டில் அவன் பணமும் கிடக்கிறது. குழம்பில் உப்புக் கூடினால் அவன் உன்னிடம்தான் வந்து சொல்வான், வேறு மெஸ்ஸுக்குப் போகமாட்டான். அப்படிச் சொல்கிறவனை மதித்து நடத்து.

பிறகு அந்தக் குழுக்கடன். நீ 40,000 வாங்குவதாக நினைக்கிறாய். கையெழுத்து 2 லட்சத்துக்கு. ஐந்து பேரில் யார் கட்டாவிட்டாலும் மற்றவர்கள் கட்டவேண்டும் என்றுதானே விதி? உன்னோடு சேரப்போகிற மற்ற நாலு பேருக்கும் தொழில் ஏதாவது இருக்கிறதா என்று நீ எழுதவில்லை. ஐந்து பேர் வேண்டும் என்பதற்காகவே சிலர் சேருவார்கள். அந்த 40,000 பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் பழைய கடனுக்கும் போகும், அதில் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் அந்தப் பணம் சம்பாதித்துத் திரும்பாது. எங்கள் சந்தில் ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கணவன் சாரத்திலிருந்து விழுந்த வாரம் தவணை கட்ட முடியவில்லை. அவள் கட்டும்வரை யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது என்று வசூலுக்கு வந்தவர் சொல்லிவிட்டார். அவளோடு குழுவில் இருந்தவர்களே அவள் வாசலில் உட்கார்ந்தார்கள். பத்து வருசம் ஒன்றாகத் தண்ணீர் பிடித்தவர்கள். இன்றும் அவர்களுக்குள் பேச்சு இல்லை.

2010இல் ஆந்திராவில் இது ஊர் ஊராக நடந்தது. ஒரே வீட்டுக்கு நாலைந்து நிறுவனங்கள் கடன் கொடுத்து, நெருக்குதலில் தற்கொலைகள் வரைக்கும் போய், அரசு அவசரச் சட்டம் போட வேண்டியதாயிற்று. இப்போது ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது: இப்படிப்பட்ட கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வரக்கூடாது, மிரட்டக்கூடாது, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. இதை உன் தெருப் பெண்கள் எல்லோருக்கும் சொல், கடன் வாங்கியவர்களுக்கு முதலில் சொல்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் அன்னபூர்ணாவின் ஜாமீனும் இதுவும் வேறு. அங்கே 14 பேரும் ஒரே தொழில் செய்தவர்கள், ஒருத்தி அடுப்பு மற்றவளுக்குத் தெரியும். ஆட்கள் முதலில் சேர்ந்தார்கள், கடன் பிறகு வந்தது. இங்கே தொகையை முன்கூட்டியே எழுதிக்கொண்டு வருகிறார்கள், பிறகு ஆட்களைத் தேடுகிறார்கள். ஒருத்தி விழுந்தால் அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிற கூட்டம்தான் உனக்கு வேண்டியது.

அப்படி ஒரு கூட்டம் எப்படி உண்டாகும் என்பதற்கு நான் பார்த்ததிலேயே நல்ல வழி பைகுல்லாவில் பிளாட்பாரத்திலேயே குடியிருந்த பெண்களுடையது. 1986இல் மகிளா மிலன் என்று தொடங்கினார்கள். வீடு என்று சொல்ல நாலு தட்டி, ஒரு தார்ப்பாய் உள்ளவர்கள். அவர்களோடு நின்றவர்களில் ஒருவர் ஜோக்கின் அற்புதம். நம் தமிழர், கோலார் தங்கவயலில் பிறந்தவர், மான்கூர்ட் ஜனதா காலனியில் குடியிருந்து அதைக் காப்பாற்றப் போராடியவர். 2000இல் மகசேசே விருது வாங்கினார். 2018இல் தவறிப்போனார். தாராவியில் அவரைத் தெரியாத பெரியவர்கள் குறைவு.

அந்தப் பெண்கள் தினமும் சேமித்தார்கள். மாதம் ஒருமுறை என்றால் தினக்கூலிக்காரி கையில் மிஞ்சாது. இரண்டு ரூபாயோ ஐந்து ரூபாயோ, அன்றன்றைக்கு. வசூலிக்கப் போகிறவளும் அதே பிளாட்பாரத்துக்காரி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கலர் காகிதத் துண்டுகள் வைத்திருந்தார்கள், ஒவ்வொரு கலரும் ஒரு தொகை. ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் பையில் துண்டுகளைப் போட்டுவைத்தால் தன் பணம் எவ்வளவு என்று அவளே எண்ணிக்கொள்வாள். இன்றைக்குப் பணம் இல்லை என்று ஒருத்தி சொன்னால், ஏன் இல்லை என்று வசூல்காரிக்கு அப்போதே தெரிந்துவிடும்: பிள்ளைக்குக் காய்ச்சல், புருஷன் குடித்துவிட்டான், முனிசிபாலிட்டி லாரி வந்து தட்டியைப் பிடுங்கிப்போயிற்று. ஒரு வருசம் இப்படி நடந்தபிறகு ஒருத்தி கடன் கேட்டால் விசாரணையே தேவையில்லை, எல்லாம் தெரியும். எனக்கு இது பெரிய விஷயம், தாயி. அங்கே காசை எண்ணுவதற்கு முன்னால் ஆளைத் தெரிந்துகொண்டார்கள்.

உன் சென்னைக்கும் இது புதிதில்லை. 1978இலேயே ஜெயா அருணாசலம் அம்மா உழைக்கும் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். கட்சி வேலையை விட்டுவிட்டு, காய்கறிக்காரி, பூக்காரி, இட்லிக் கடைக்காரி என்று குடிசைப் பகுதிப் பெண்களைத் தெருவாரியாகக் குழுக்களாகச் சேர்த்து வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்தார். வங்கிகள் இழுத்தடித்ததால் 1981இல் அவர்களே கூட்டுறவுச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன்பு அந்தப் பெண்களுக்கு இருந்தது தண்டல். உங்கள் பக்கம் இன்னும் ஓடுகிறதுதானே? 10,000 என்று எழுதி, 1,500 பிடித்து, 8,500 கையில் கொடுத்து, நூறு நாளைக்குத் தினமும் 100 வாங்குவது. கேட்க லேசாக இருக்கும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், உண்மையில் நீ வைத்திருக்கும் பணத்துக்கு மாதம் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வட்டி விழுகிறது. தண்டல்காரர் அன்பாகப் பேசுவார், பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பார். நீ வாங்காதே.

தெருவில் மகளிர் சுயஉதவிக் குழு கண்டிப்பாக இருக்கும். அதில் சேர். ஆறு மாதம் ஒழுங்காகச் சேமித்து உள்ளுக்குள் கடன் சுழற்றிய குழுவுக்கு வங்கி கடன் கொடுக்கும். 1992இலிருந்து நபார்டு வங்கி வைத்திருக்கிற முறை அது. அவசரத்துக்கு ஆகாது என்பாய். ஆகாதுதான். ஆனால் இரண்டாவது வருசத்தில் பெரிய கிரைண்டர் வாங்க ஆகும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது.

எங்கள் தாராவி ஏறக்குறைய இரண்டு சதுர கிலோமீட்டர். ஆறு லட்சம் பேர் என்பார்கள், பத்து லட்சம் என்பார்கள். திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிட வந்தவர்கள், சௌராஷ்டிரத்திலிருந்து பானை வனைய வந்தவர்கள், எல்லோருக்கும் வீடுதான் பட்டறை. கும்பார்வாடாவில் ஒரு சூளையைப் பல குடும்பங்கள் சேர்ந்து எரிக்கும். அப்பளம் தேய்க்கிற பெண்கள் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் காயவைத்தால், சந்தில் போகிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள். எங்களைப் போன்ற இட்லிக்காரர்கள் விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டினால் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கம் கெடும். ஆனால் கதவைத் தட்டிச் சண்டைக்கு வரமாட்டார். ஆறு மணிக்கு மாமா சைக்கிளில் டப்பாவைக் கட்டிக்கொண்டு மாட்டுங்கா பக்கம் போகும்போது அந்த வியாபாரத்துக்குள் எத்தனை பேருடைய பொறுமை இருந்தது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். மாவு அரைத்த சத்தம், குழாயில் நாங்கள் கூடுதலாகப் பிடித்த இரண்டு குடம், சாக்கடையில் விட்ட கழுநீர். இதற்கெல்லாம் யாரும் எங்களிடம் வாடகை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் தொழில் நிலைத்திருக்காது.

நெருக்கமான தெருவில் நீ சமைத்தால் புகை உன் வீட்டோடு நிற்காது. ஆகவே அந்தத் தெரு உன் தொழிலில் ஏற்கெனவே பங்கு போட்டுவிட்டது என்று வைத்துக்கொள். கேட்டாலும் கேட்காவிட்டாலும். பங்காளிக்குச் செய்யவேண்டியதைச் செய். தொடங்கும் முன்னே மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் போய், இந்த நேரத்துக்குச் சமைப்பேன், இவ்வளவு தண்ணீர் ஆகும், உங்களுக்குத் தொந்தரவு என்றால் என்னிடம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள். வீட்டு சிலிண்டரில் வியாபாரச் சமையல் கூடாது, ஆபத்தும்கூட. 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்கு. வெடித்தால் உன் அறை மட்டும் போகாது. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்துகொள். கீரை வண்டிக்காரியிடமே கீரை வாங்கு, மூலை மில்லிலேயே மிளகாய் அரைத்துக்கொள். மொத்தக் கடையில் கிலோவுக்கு நாலு ரூபாய் குறையலாம். மழை நாளில் மொத்தக் கடை உன் வாசலுக்கு வராது.

இன்னொன்று, இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். காய் நறுக்க எதிர்வீட்டு அக்கா வருவார் என்று எழுதியிருந்தாய், ‘சும்மா உதவிக்கு’ என்று. முதல் வாரம் உதவி. அதற்குப் பிறகு கூலி. சாப்பாடு கொடுத்தேன், பழைய சேலை கொடுத்தேன் என்று ஈடுகட்டாதே. பெண்கள் ஒருவர் உழைப்பை ஒருவர் உறவு பேசி விழுங்குவது எங்கள் சந்திலும் நடக்கிறது, பார்த்துப் பார்த்து எனக்கு மனசு எரிகிறது. 1959இல் கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டைமாடியில் அப்பளம் போட்டுத் தொடங்கியதுதான் லிஜ்ஜத். இன்று ஆயிரக்கணக்கான பெண்கள் அதில் இருக்கிறார்கள். அங்கே வேலைக்காரி என்று யாரும் கிடையாது, தேய்க்கிற ஒவ்வொருத்தியும் உரிமைக்காரி, லாபமும் நஷ்டமும் எல்லோருக்கும். மாவை வாங்கிப்போய் வீட்டில் தேய்த்து மறுநாள் கொடுத்தால் கூலி கையில். தொடக்கத்திலிருந்தே நன்கொடை வாங்குவதில்லை, கணக்கில் பிசகுவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். உன் சமையல் நாளைக்கு ஐம்பது பேருக்கு ஆனால் எதிர்வீட்டு அக்காவுக்கும் அதில் பங்கு வை. இன்றைக்கே நோட்டில் அவர் பேரை எழுதிவிடு.

சிலர் உன்னிடம் தைரியமாகத் தனித்து நில் என்று சொல்வார்கள். படித்த பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். நான் பார்த்த மட்டில் தாராவியில் தனித்து நின்று நிலைத்தவர் யாரும் இல்லை. 2020 ஊரடங்கில் இட்லி வியாபாரம் முழுக்க நின்றபோது மளிகைக்காரர் எங்களிடம் நோட்டை மூடிவைத்துவிட்டார், பிறகு பார்க்கலாம் என்று. அவருக்கு நாங்கள் ஒரு தடவையும் நாள் தவறியதில்லை என்பதுதான் காரணம். அதை எந்த வங்கியும் எழுதி வைத்திருக்கவில்லை.

பாத்திரத்துக்கும் அடுப்புக்கும் சேர்த்து 15,000 ஆகும் என்று நினைக்கிறேன். அடுத்த மாதம் எனக்குச் சீட்டு விழுகிறது, அதில் அனுப்புகிறேன். புதுப் பாத்திரம் எல்லாம் வேண்டாம்; பெரிய அண்டாவும் குண்டானும் கோயிலிலோ சர்ச்சிலோ வாடகைக்குக் கொடுப்பார்கள், மதினியை விட்டுக் கேட்கச் சொல். என் பணத்துக்கு வட்டி வேண்டாம், கணக்கு வேண்டும். வாராவாரம் நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு: வரவு, செலவு, அக்காவுக்குக் கொடுத்த கூலி, யார் முன்பணம் பாக்கி. எந்த வாரம் கை கடிக்கிறதோ அந்த வாரம் முதலில் எனக்குச் சொல்.

அந்த நிறுவனத்து ஆளிடம் ஆறு மாதம் கழித்து வரச் சொல். ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமா வீட்டில் இருப்பார், கூப்பிடு. இருபது பேருக்குச் சாம்பார் வைக்கும் அளவை அவர்தான் சரியாகச் சொல்வார். பருப்பை நான் எப்போதும் கூடப் போட்டுவிடுவேன் என்பார். அங்கே துவரம்பருப்பு கிலோ என்ன விலை என்றும் கேட்டு வை.

அன்புடன்,
உன் அத்தை